உள்ளே சுற்றும் காற்று

ஏறுங்கள் சார், மழையில் நின்று யோசிக்காதீர்கள். இப்போதைக்கு பஸ் வராது. கீழே, காட்ரோடு தாண்டி மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது. கார் நுழைகிற அளவுக்கு ஓரத்தில் வெட்டி விட்டிருக்கிறார்கள், பஸ்ஸுக்கு அந்த இடம் போதாது. எல்லாம் வரிசையாக நிற்கின்றன.

குடையைப் பின்னால் போட்டுவிடாதீர்கள், சீர்த் தட்டுகள் இருக்கின்றன. காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். கதவை இன்னும் கொஞ்சம் பலமாகச் சாத்துங்கள். அவ்வளவுதான். கொடைக்கானலுக்கா? நான் பெருமாள்மலையோடு சரி. அங்கிருந்து உங்களுக்கு ஏதாவது வேன் கிடைக்கும்.

ஒரு உதவி மட்டும் செய்ய வேண்டும். உங்கள் முன்னால் மஞ்சள் துணி கிடக்கிறது பாருங்கள், அதை எடுத்து உங்கள் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். எட்டினால் என் பக்கமும். வெளியே இல்லை சார், வெளியே வைப்பர் பார்த்துக்கொள்ளும். உள்பக்கம்தான் ஆவி படிகிறது. வட்டமாகத் துடைத்தால் கோடு விழும், மேலிருந்து கீழே துடையுங்கள். ஆம், அப்படித்தான்.

இல்லை, வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. இருந்தது. சரிசெய்துவிட்டேன். இப்போது இந்த வண்டியில் எல்லாம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறது. அதைச் சரிசெய்த கதையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

நான் குவைத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ஏசி என்று சொன்னால், ஏணி வைத்து ஏறி ஜன்னல் பெட்டியைக் கழுவுகிற வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது இல்லை. முப்பது மாடிக் கட்டடம் ஒன்று மூச்சு விடுவது என் பொறுப்பு. எந்த மாடிக்கு எவ்வளவு காற்று போக வேண்டும், எவ்வளவு திரும்பி வர வேண்டும், வெளிக்காற்று எவ்வளவு கலக்கலாம், எல்லாம் என் கணக்கு. ஆகஸ்ட் மாதத்தில் அங்கே வெளிக்காற்றை உள்ளே விட்டால் தொலைந்தோம். கொதிக்கிற கடல்காற்று. அது குளிர்ந்த குழாயில் பட்டால் கூரையெல்லாம் சொட்டும். அதனால் வெளிக்கதவை இறுக்கி மூடு, உள்ளே இருக்கிற காற்றையே சுற்றவிடு. முதல் பாடம் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நான் சொன்னால் அது அகம்பாவம் இல்லை சார். பாதி ஆயுசு அதிலேயே போயிருக்கிறது.

காற்றை மட்டும் இல்லை, அதற்குள் உட்கார்ந்திருக்கிற மனிதர்களையும் தெரிந்துகொண்டேன். பதினான்காம் மாடியில் எகிப்துக்காரர் ஒருவர், கணக்குப் பிரிவின் மேலாளர். தங்கமான மனிதர். ஆனால் காலையில் புழுங்குகிறது என்பார், மதியம் விறைக்கிறது என்பார். எத்தனை முறை ஆள் அனுப்புவது? ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகம் மூடியிருந்தபோது, அவர் மேசைக்குப் பின்னால் சுவரில், குளிர்ச்சியைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு திருகு பொருத்தினேன். புத்தம் புதுசு. திருப்பினால் எண் மாறும், சின்னதாகப் பச்சை விளக்கு எரியும். பின்னால் ஒயர் கிடையாது. ஒரு பேட்டரி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தார், திருப்பினார், நாற்காலியில் சாய்ந்தார். "பரமகுரு, இப்போதுதான் எனக்கு உயிர் வந்தது" என்றார். அதன் பிறகு ஒரு புகார் இல்லை. வருடக்கணக்கில் அதைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றுப் போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

எங்கள் தொழிலில் இது பலரும் செய்கிற காரியம்தான். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பக்குவம். மனிதனுக்குக் குளிர்ச்சி மட்டும் போதாது சார், தன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு திருகு இருக்கிறது என்கிற நிம்மதியும் வேண்டும்.

துடையுங்கள். பேச்சில் மறந்துவிட்டீர்கள்.

திரும்பி வந்து வத்தலக்குண்டில் வீடு கட்டினேன், இந்த வண்டியை வாங்கினேன். என் தங்கை சுகந்தி பெருமாள்மலையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தவசி. சுற்றுலா வேன் ஓட்டுகிறார். தூண்பாறை, பைன் காடு, ஏரி என்று வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுகிற வேலை. அவர் என்று சொல்வதா அவன் என்று சொல்வதா என்று எனக்குக் கொஞ்ச நாளாகக் குழப்பம். அவன் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் என் மனைவியும் மேலே போய்விடுவோம். இத்தனை வருடம் பார்க்காததையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. சுகந்திக்குப் பையன் பிறந்து ரொம்ப வருடம் கழித்துப் பிறந்தவள் மகிழ்மதி. எல்லோருக்கும் மதி. என்னைப் பார்த்தால், "மாமா, வண்டில ஒரு ரவுண்டு" என்பாள். அவள் சொன்னால் நான் எங்கே வேண்டுமானாலும் ஓட்டுவேன்.

ஆனால் டம்டம் பாறை தாண்டினதும் கண்ணாடி வெளுத்துவிடும். மழை, மூடுபனி, எதுவாக இருந்தாலும். மலை ஏறும்போது ஏசி போட்டால் வண்டி இழுக்காது, அது உங்களுக்கே தெரியும். ஃபேன் மட்டும்தான் ஓடும். கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும்.

நான் விடவில்லை. காற்று வடிகட்டியை மாற்றினேன். கண்ணாடிக்குக் கீழே, பானெட் ஓரத்தில், காற்று நுழைகிற சல்லடை இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு கூடை இலை. மக்கிப் போய், சேறாகி, தண்ணீர் வடிகிற துவாரத்தையே அடைத்துக்கொண்டிருந்தது. இதுதான் கோளாறு என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப இனி படியாதா?" என்றாள். படியாது என்றேன். மறு ஞாயிறு படிந்தது. காலடி விரிப்பைக் கழற்றிக் காயவைத்தேன். ஏதோ ஸ்பிரே வாங்கி அடித்தேன். படிந்தது.

சாப்பிடும்போது தவசி மெதுவாக ஆரம்பித்தான். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. கார் படம் போட்டு உள்ள அம்பு வளைஞ்சு நிக்கிற பொத்தான் ஒண்ணு இருக்குல்ல. அது எரிஞ்சா வெளிக்காத்து அடைச்சுக்கும். அதை மட்டும் அமுக்காம விட்டுப் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மாப்ள, மழை எங்க பெய்யுது?"

"வெளியதான்."

"ஈரம் எங்க இருக்கு?"

"வெளியயும் இருக்கு, உள்ளயும் இருக்கு. நாலு பேரு மூச்சு விடுறம்ல."

"நான் குவைத்துல மூச்சு விடாமயா மாப்ள வேலை பாத்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "நீங்க சொல்றது கணக்கு மச்சான். நான் சொல்றது கண்ணாடி" என்றான். சுகந்தி குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரெண்டு பேரும் சோத்தைத் தின்னுங்க. காத்து எங்கயும் போயிராது" என்றாள்.

வண்டியில் உட்கார்ந்ததும் என் விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும், அது உண்மை. சாவியைத் திருப்பினால் அடுத்து அதுதான். வெளிக்காற்று என்றாலே எனக்கு மணல், அனல். பழக்கம் என்பீர்கள். பயிற்சி என்பேன் நான்.

மார்கழியில் ஒருநாள் எல்லோரும் கீழே என் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பினார்கள். தவசிக்கு வேன் ஓட்டம் இருந்தது, அதனால் சுகந்தியையும் மதியையும் நான் கொண்டுபோய் விட்டேன். என் மனைவியும் கூட. ஒரு வளைவில் எதிரே பஸ். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, கொஞ்சம் தாமதமாகப் பார்த்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடி மட்டும்தான் போனது. இந்தப் பக்கம் தடுப்புச் சுவர் இருந்தது. சுகந்தி ஒரு சத்தம்கூடப் போடவில்லை. குழந்தையை மடியோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயதிலிருந்தே அவள் அமைதியான சுபாவம்.

அடுத்த ஞாயிறு நான் போய் இறங்கியதும் தவசி கை நீட்டினான். "சாவியக் குடுங்க மச்சான். வண்டி ஒரே சேறா இருக்கு, வேனோட சேத்துக் கழுவிர்றேன்." எனக்குச் சந்தோஷம். தங்கை வீட்டுக்காரன் என் வண்டியைக் கழுவுகிறான். கொஞ்சம் அதிக நேரம்தான் கழுவினான். சுகந்தியும் போய்க் கூட நின்றாள். நான் உள்ளே மதியோடு கேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மலை இறங்கினேன் பாருங்கள். நல்ல தூறல். கண்ணாடி பளிச்.

பொத்தான் எரிகிறது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. தை, மாசி, பங்குனி, கோடைமழை வரைக்கும் அப்படியே. சேறு காய்ந்து, இலையெல்லாம் எடுத்த பலன் இப்போது தெரிகிறது என்று நினைத்தேன். எவனாக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பான்? என் மனைவி பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தாள். அதற்கு முன்னால் அவள் இந்த மலையில் கண்ணை மூடினதே கிடையாது.

தவசியின் வேன் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்த டிரைவர்களுக்கே சொன்னேன். ஈரத்தை வெளியே நிறுத்துங்கள், உள்காற்றில் ஓட்டுங்கள், வடிகட்டியைச் சுத்தமாக வையுங்கள், என் வண்டியே சாட்சி. எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள் தெரியுமா? "அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க, இவன் சரியாக் கேக்கல" என்றான் ஒருத்தன். மறுபடி சொன்னேன். தவசி குடித்துக்கொண்டிருந்த டீயை பெஞ்சில் வைத்துவிட்டு வேனுக்குப் பின்பக்கமாகப் போய்விட்டான். அவனுக்கு வெட்கமாக இருக்கிறது, தான் சொன்னது தப்பாகிவிட்டதே என்று, அப்படி எண்ணினேன். பாவம் என்றுகூட எண்ணினேன்.

இது பண்ணைக்காடு பிரிவு. இனி மூடுபனி இன்னும் அடர்த்தியாக இருக்கும். துணி நனைந்துவிட்டதா? அந்தக் கதவுப் பையில் பழைய பனியன் இருக்கிறது, அதை எடுங்கள்.

போன மாதம் திண்டுக்கல்லில் வண்டியை சர்வீசுக்கு விட்டேன். அங்கே இருந்த ஆள் என்னைக் கூப்பிட்டான். டேஷ்போர்டில் இருக்கிற கையுறைப் பெட்டியைக் கழற்றி வைத்திருந்தான். "சார், இது யாரு செஞ்சது?"

"எது?"

"வெளிக்காத்து வர்ற கதவு சார். அது மூடவே மூடாத மாதிரி இழுத்து டேக் போட்டுக் கட்டியிருக்காங்க. மோட்டார் ஒயரையும் உருவி விட்டுருக்காங்க. நீங்க பொத்தானை அமுக்குனா லைட் எரியும், வேற ஒண்ணும் நடக்காது."

குனிந்து பார்த்தேன். நீல நிற டேக். ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் நாடா. தவசியின் வேனில் ஜன்னல் திரை, பிளாஸ்டிக் பூ, சாமி படம் எல்லாவற்றையும் அந்த நீல டேக்கால்தான் கட்டி வைத்திருப்பான். வாலைக் கத்தரிக்காமல் விடுவது அவன் பழக்கம். இதிலும் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை சார். அந்த வேன் ஸ்டாண்டு நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே என்றவனின் முகம் வந்தது. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மாதக்கணக்கில் நான் ஒரு பொம்மைப் பொத்தானை அமுக்கிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறேன், ஊரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அறுங்க" என்றேன். "அறுத்துரவா சார்? நெசமாவா?" என்றான். அறுத்தான். ஒயரை மாட்டினான். அந்த டேக்கை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, இப்போதும் இருக்கிறது. நீலம்.

அங்கிருந்தே சுகந்திக்கு ஃபோன் போட்டேன். "தவசி என் வண்டில கை வெச்சானா?"

சிரித்தாள். முதலில் சிரித்தாள் சார். அதுதான் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அப்புறம் குரல் மாறியது. "அவரச் சொல்லாதண்ணே. நான்தான் செய்யச் சொன்னேன். டார்ச் புடிச்சதே நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"எத்தன தடவ சொன்னம். நீ கேட்டியா?"

"அது வேற. கட்டிப்போட்டதச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா அறுத்துருவ." அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அறுத்துட்டியா?"

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, அறுத்துட்டியா?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

என்ன சார், சிரிக்கிறீர்களா? எகிப்துக்காரரை நினைத்துக்கொண்டீர்கள். தெரிகிறது. அது வேறு. அவர் எனக்கு யார்? மாமனா மச்சானா? அங்கே எனக்குச் சம்பளமே எல்லோரும் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பதற்குத்தான். அவர் போன மறுநாளே அந்தத் திருகைக் கழற்றிவிட்டேன், தெரியுமா? யாராவது கண்டுபிடித்து அவர் காதில் போட்டுவிடக் கூடாது என்று. நான் அந்த அளவுக்கு யோசித்தவன். அதை ஊர் கூட்டிச் சிரிக்கவில்லை.

இது ரத்தம் சார். இவர்களிடம் நான் மேலாளர் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். இதை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. குவைத்திலிருந்து வாரம் தவறாமல் சுகந்தியிடம் பேசுவேன். எல்லாம் நல்லாருக்குண்ணே என்பாள். அப்பா வழுக்கி விழுந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார். எனக்கு அவர் எழுந்து நடந்த பிறகுதான் தெரியும். அவள் மூத்த பையனைப் பள்ளியில் ஒரு வருடம் நிறுத்தி வைத்தது தெரியாது. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்பார்கள், நானும் அங்கிருந்து யோசித்து யோசித்துச் சொல்வேன். அப்படியே செஞ்சிர்றம்ணே என்பாள். செய்தார்களா? இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இத்தனை வருடமும் என் கையில் கொடுத்திருந்ததே லைட் மட்டும் எரிகிற பொத்தான்தானோ என்று. நான் அங்கே அமுக்குவேன், இங்கே அவர்கள் வேறு மாதிரி ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, விடுங்கள். என் பக்கம் ஒரு துடை துடையுங்கள்.

இன்றைக்கு மதிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்தவனுக்குக் குத்தும்போது எனக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியப்பா மகன் ஒருத்தன் மடியில் வைத்துக் குத்தினார்கள். போட்டோ அனுப்பினார்கள். பையன் வாய் பிளந்து அழுகிறான், மடியில் வைத்திருப்பவனின் சட்டையைக் கசக்கிப் பிடித்திருக்கிறான். என் சட்டையாக இருந்திருக்க வேண்டியது. அந்தப் போட்டோவை நான் ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் சார்.

அதனால்தான் போகிறேன். இல்லையென்றால் போயிருக்கமாட்டேன். தவசியே தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மச்சான், மகளுக்குக் காது குத்துறம். உங்க மடிதான்."

"பொம்மைப் பொத்தான் மாதிரி ஒரு பொம்மை மாமனப் புடிச்சு உக்கார வெச்சுக்க" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போய்விடுவான் என்று பார்த்தேன். வாசல்படி வரை போய்த் திரும்பினான். "என்னை என்ன வேணா திட்டுங்க மச்சான். ஆனா அன்னைக்கு மட்டும் பஸ்ல வாங்க."

எப்படி இருக்கிறது பாருங்கள். என் வீட்டு வாசலில் நின்று, என் வண்டியில் வராதே என்கிறான். அந்த நிமிடம் முடிவு செய்தேன், இந்த வண்டியில்தான் போவது என்று. மனைவி நேற்றே பஸ்ஸில் போய்விட்டாள். சீர்த் தட்டு வைக்க இடம் வேண்டும், நான் எதற்கு இடைஞ்சலாக என்றாள். அவளுக்கு இந்த மாதம் முழுக்கவே பஸ்தான் வசதியாக இருக்கிறது. நல்ல மனசு. எதையும் அனுசரித்துப் போகிறவள்.

பந்தலில் எல்லோரும் இருப்பார்கள். அந்த வேன் ஸ்டாண்டு ஆட்களும் இருப்பார்கள். குழந்தையை என் மடியில் வைக்க வருவான் அல்லவா? அப்போது இந்த டேக்கை எடுத்துச் சபை முன்னால் போடுவேன். "தப்புதான்னு உன் வாயால சொல்லு மாப்ள, அப்புறம் உக்காருறேன்." சொன்னால் உட்காருவேன். சொல்லவில்லை என்றால் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பெரியப்பா மகன் எப்படியும் வந்திருப்பான், அவன் மடி காலியாகத்தான் இருக்கும். குழந்தை அழும்தான். தெரிகிறது. ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே சார்.

துடைக்கிறீர்களா? ஒன்றும் தெரியவில்லை. உங்கள் பக்கம் ஓரம் தெரிகிறதா? வெள்ளைக்கோடு தெரிந்தால் சொல்லுங்கள். அது என்ன மஞ்சளாக, வீடா, இல்லை அது

பிடித்துக்கொள்ளுங்கள்.

.

.

ஒன்றும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. கேரட் லாரி. போய்விட்டான். திட்டிவிட்டுத்தான் போகிறான், திட்டட்டும். உங்களுக்கு அடி ஒன்றும் இல்லையே? நெற்றியைக் காட்டுங்கள். சரி.

பின்னால் என்ன விழுந்தது? பழத் தட்டா? பட்டுப்பாவாடை இருக்கிற தட்டு சரியாக இருக்கிறதா பாருங்கள். மாதுளம்பழம்தானே, உருளட்டும். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

மார்கழியில் பின் சீட்டில் சுகந்தி உட்கார்ந்திருந்த இடம் அது. இப்போது பழம் கிடக்கிறதே, அங்கேதான். மதியை மடியில் வைத்துக்கொண்டு.

ஒரு நிமிடம் நிற்போம். நிறுத்தினது நல்லதுதான்.

நீங்கள் என்ன செய்தீர்கள் இப்போது? அங்கே எதை அமுக்கினீர்கள்? அந்தப் பொத்தான் லைட் அணைந்திருக்கிறதே.

இல்லை, கையை எடுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கட்டும்.

காலில் ஜில்லென்று வருகிறது. என்ன வாசனை இது, தைல மரமா? மழையில் நனைந்த தைல மரம். இந்த வண்டிக்குள் இந்த வாசனை வருகிறது. தை மாதம் முழுக்க வந்தது, ஏதோ மனைவி தலைவலித் தைலம் தடவியிருக்கிறாள் என்றிருந்தேன்.

கீழேயிருந்து தெளிகிறது பாருங்கள். முதலில் ஓரம், அப்புறம் நடு. துணியைக் கீழே வையுங்கள், வேண்டாம்.

போவோம். நேரமாகிவிட்டது. இதை வைத்து நான் எதையாவது ஒப்புக்கொண்டதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் நனைந்து வந்தீர்கள், குடை ஈரம், பின்னால் பூ, வாழையிலை. ஈரம் அளவுக்கு மேலே போய்விட்டது. விசேஷமான நிலைமை. அவன் செய்தது அதனால் சரியாகிவிடாது. சொல்லாமல் செய்தான். அது அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். டார்ச் பிடித்தது அவள் என்றாளே. கையுறைப் பெட்டிக்குள் தலையை விட்டால் கழுத்து முறிந்துவிடும், எனக்குத் தெரியும். இரண்டு பேரும் குளிரில், வண்டி கழுவுகிற சாக்கில், குசுகுசு என்று பேசிக்கொண்டு. நான் வெளியே வந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டு. குவைத்தில் அந்த வெள்ளிக்கிழமை நானும் அப்படித்தான் காவலாளி வருகிறானா என்று பார்த்துக்கொண்டே திருகினேன்.

பெருமாள்மலை வந்துவிட்டது. மேளம் கேட்கிறதா? அதுதான், அந்த வளைவுக்கு மேலே பந்தல்.

அங்கே ரோட்டோரம் குடை பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான் பாருங்கள். இவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது. அவன்தான். தோளில் மதி. மொட்டை போட்டுவிட்டார்கள், சந்தனம் தடவியிருக்கிறார்கள். மழையில் குழந்தையை எதற்காக ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்? என்னைப் பார்க்கிறானா? இல்லை. கண்ணாடியைப் பார்க்கிறான். தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கண்ணாடியைத்தான் பார்க்கிறான்.

சார், நீங்களும் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மறுக்கக் கூடாது. வழியில் எப்படி இருந்தது என்று அவன் உங்களைக் கேட்பான். கட்டாயம் கேட்பான். பளிச்சென்று இருந்தது என்று சொல்லுங்கள். கேரட் லாரியைப் பற்றி ஒன்றும் வேண்டாம், சுகந்தி காதில் விழும்.

அப்புறம் இந்த டேக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, அறுத்தது எதைக் கட்டவும் உதவாது. சட்டைப் பையில் இருந்தால் முனை நீட்டிக்கொண்டிருக்கும். மடியில் வைக்கும்போது குழந்தைக்குக் குத்தும். சபையில் கேட்கத்தான் போகிறேன். கேட்காமல் விடமாட்டேன். காது குத்தி, அவள் அழுகை ஓய்ந்த பிறகு.

இதோ வந்துவிட்டான். குனிகிறான், உள்ளே பார்க்கப் போகிறான். பொறுங்கள், நான் அந்தப் பொத்தானை ஒருமுறை அமுக்கிவிடுகிறேன். வண்டிதான் நின்றுவிட்டதே. கண்ணாடியும் பளிச், லைட்டும் எரிகிறது என்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு இன்று ராத்திரி முழுக்க மண்டையைக் குடைந்துகொள்ளட்டும்.

அணைக்காதீர்கள் சார். எரியட்டும்.